காலேஜ் கல்லு

இசக்கிப்பாண்டியை ரங்கூனில் 'இந்தியாக்காரன்' என்று விரட்டினார்கள். சரி என்று கப்பலேறி இந்தியாவுக்கு வந்தால், தாராவியில் 'பர்மாக்காரன்' என்றார்கள். மாதுங்காவில் ஓவர்சியர் படிப்புப் படித்த இடத்தில் அவன் 'மதராசி'. மதராஸில் அவன் இருந்ததெல்லாம் கப்பலிலிருந்து இறங்கி ரயிலேறிய வரைக்கும்தான். எந்த ஊர்க்காரன் என்று நாலு பேர் கூடிப் பேசி ஒரு முடிவு சொன்னால் தேவலை என்று அவனும் காத்திருந்தான்.

கூடவே கப்பலில் வந்த அம்மா கோமதியம்மாள் இன்னும் மதராஸுக்கு வெளியே அகதி முகாமில், சாக்குப் படுதாவுக்குப் பின்னால் கிடந்தாள். அப்பா வரவில்லை. அவர் கடையைப் பர்மா சர்க்கார் எடுத்துக்கொண்ட கொஞ்ச நாளில் ரங்கூன் மண்ணிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அம்மாவை அந்தப் படுதாவை விட்டுக் கிளப்ப ஒரே ஒரு வழிதான் இருந்தது. டிராம்பேயில் கட்டட வேலை எடுத்திருந்த காண்டிராக்டர் ஆறுமுகநயினார் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"மே மாசம் பாஸ் பண்ணிட்டு வா. சைட்டைப் பாத்துக்கோ. தங்க ஒரு தகரக் கொட்டகை தாரேன், ஒங்க அம்மையைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கோ. பெயிலாப் போனா எங்கிட்ட வரப்படாது. மழைக்கு முன்னால வேலை தொடங்கணும், வேற ஆளு கேட்டுக்கிட்டு நிக்கான்."

பாஸ் ஆவதில் பெரிய பங்கு ஒரு கான்கிரீட் கட்டிக்கு இருந்தது. ஒவ்வொரு பையனும் தன் கையால் சிமெண்டும் மணலும் ஜல்லியும் கலந்து, எல்லாப் பக்கமும் அரையடியாக ஒரு கட்டி வார்க்க வேண்டும். வாரக்கணக்கில் அதைத் தண்ணீரிலேயே ஊறப்போட வேண்டும், இடையில் காய்ந்தால் உள்ளே இறுகாது. கடைசியில் பரீட்சை மெஷினில் வைத்து நசுக்குவார்கள். கட்டி தாங்கினால் பையனும் தாங்கினான். அந்த வருஷம் ஊறப்போடும் தொட்டியிலேயே வெடிப்பு விட்டு ஒழுகியது. கட்டடம் கட்டச் சொல்லித்தரும் இடம். அவரவர் கட்டியை அவரவர் வீட்டில் ஊறப்போடச் சொல்லிவிட்டார் வாத்தியார்.

இசக்கிப்பாண்டியின் வீடு என்பது பேராச்சியின் வீடு. ஒற்றை அறை. தூரத்துச் சித்தப்பா ஒருவரின் விதவை அவள். இட்லி அவித்து ஆண்டாப் ஹில்லில் கூவி விற்பவள். அவன் ஒரு வாளி தண்ணீர் கேட்டதும் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏலேய், மனுசன் குளிக்கவே தண்ணியில்ல. கல்லைக் குளிப்பாட்டணுமாக்கும்? எங்க ஊர்ல சாமிக் கல்லைத்தாம்ல குளிப்பாட்டுவாவ."

"இதும் சாமிதான் சித்தி. இது கண்ணைத் தொறந்தாத்தான் எனக்கு வேலை."

"பூ வைக்கணுமா?"

"பூ வேண்டாம். வெளிய எடுக்காம இருந்தாப் போதும்."

"எடுத்தா?"

"அது இன்னும் கல்லாகல, சித்தி."

பேராச்சி குனிந்து கட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். முட்டி வலித்தது. இவன் எப்போதும் கிண்டல்தான் பேசுவான் என்று விட்டுவிட்டாள். வாளியை மட்டும் கொடுத்தாள்.

அவன் விடியுமுன் கிளம்பி மாதுங்கா மெஸ் ஒன்றில் எச்சில் இலை எடுப்பான், பிறகு வகுப்பு. இருட்டிய பின் வந்து வாளியைப் பார்ப்பான். கட்டி தண்ணீருக்குள் சமர்த்தாக இருக்கும். அதன் தலையில் தன் பெயரின் முதலெழுத்தையும் நம்பரையும் ஈரத்திலேயே ஆணியால் கீறியிருந்தான். அதைத் தடவிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வான்.

பரீட்சையன்று எழுத்துப் பகுதி மதியத்தோடு முடிந்தது. கட்டியை எடுக்க ஓடி வந்தான். வாளியில் தண்ணீர் இருந்தது. கல் இல்லை.

அறையில் ஒளித்து வைக்கவா இடமிருக்கிறது? வெளியே ஓடினான். சந்து முனைக் குழாயடியில் கண்டுபிடித்தான்.

அந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது குழாய்க்கே தெரியாது. அதனால் பெண்கள் யாரும் வரிசையில் நிற்பதில்லை. ஆளுக்கொரு பொருளை வைத்துவிட்டுப் போவார்கள். ஓட்டைத் தகரம், உடைந்த சட்டி, செங்கல். பொருள் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வெயிலில் நெளிந்து கிடந்த அந்த வரிசையில், ஒரு துருப்பிடித்த டின்னுக்கும் அம்மிக்குழவிக்கும் நடுவே, சுண்ணாம்பாக வெளுத்துக் காய்ந்து அவன் கட்டி உட்கார்ந்திருந்தது.

எதிர் வீட்டுச் செண்பகவல்லி நிழலில் உட்கார்ந்திருந்தாள். "ஒங்க சித்தி தெனமும் இதைத்தான் வைக்கா. எழுத்துப் போட்ட கல்லுல்லா, எவளும் மாத்தி வெச்சு ஏமாத்த முடியாது. காலேஜ் கல்லுன்னா லைன்ல தனி மரியாதை."

"தெனமுமா?"

"காலைல இடுப்புல பிள்ளை மாதிரி இடுக்கிட்டு வருவா. தண்ணி பிடிச்சதும் தூக்கிட்டுப் போயி வாளியில போட்டுருவா. கோளாறான பொம்பளை, வெவரம் தெரிஞ்சவ."

அவன் கல்லைத் தூக்கினான்.

"எடுத்தா எடம் போச்சு, தம்பி. நாளைக்கு ஒங்க வீட்டுல இட்லி கெடையாது."

காலிலிருந்து ஒரு செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தான்.

"செருப்பையா வைக்கே? தண்ணி வார எடத்துல? எடுல."

கையில் மிச்சமிருந்தது படம் வரையும் மரச்சட்டம் ஒன்றுதான், இங்கிலீஷ் டீ எழுத்துப் போல இருக்குமே, அது. தலை மேலே இருக்கும்படி, சிலுவை மாதிரி மண்ணில் குத்தி நிறுத்தினான்.

"யாருக்குல சமாதி கட்டுதே?"

"எனக்குத்தாங்க்கா."

கல்லைச் சாக்கில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு ஓடினான். வழியில் ஒரு எருமைத் தொட்டி தென்பட்டது. சாக்கோடு முக்கினான். கல் மடமடவென்று குடித்தது. எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. இத்தனை நாள் தாகத்தை எருமைத் தொட்டி தீர்க்காது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் முக்கினான். குலசாமியைக் கும்பிட்டான். ரங்கூனில் அம்மா விளக்கேற்றிய கோயில் சாமியையும் சேர்த்துக்கொண்டான், அது எந்தப் பாஷைச் சாமியாக இருந்தாலும்.

மாதுங்காப் பையன்களின் கட்டிகள் ஒவ்வொன்றாக மெஷினில் ஏறித் தாங்கின. இசக்கிப்பாண்டியின் கட்டி ஏறியது. முள் பாதிக்கு வருமுன் 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பரீட்சைக்காரர் ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். மாவாக உதிர்ந்தது. "பானி நஹீ தியா?" என்று கேட்டார், தண்ணீர் விடவில்லையா என்று.

தண்ணீருக்கு வரிசையில் நின்றுதான் இது தாகத்தில் செத்தது என்று எந்தப் பாஷையில் சொல்வது. மூன்று பாஷை தெரிந்தவன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். பரீட்சைக்காரர் அவன் பேருக்கு எதிரே சிவப்பு மசியால் ஒரு கோடு இழுத்தார்.

டிராம்பே பஸ் அவனைத் தாண்டிப் போனது. அவன் நடந்தே வீட்டுக்கு வந்தான், உடைசல்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு. ஏன் கட்டினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

டீ சட்டம் கழுவித் துடைத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. வரிசை அதை மதித்துவிட்டது போலிருக்கிறது. வாளியில் புதுத் தண்ணீர். பக்கத்தில் பேராச்சி குத்தவைத்திருந்தாள்.

"கல்லைப் போடுல. நல்ல தண்ணி பிடிச்சு வெச்சிருக்கேன்."

அவன் சாக்கைப் பிரித்தான். அவள் பார்த்தாள்.

"நான் வெயில்ல வெச்சதுனாலயா?"

"இல்ல சித்தி. நான்தான் சிமெண்டைக் கொறச்சுப் போட்டுட்டேன்."

"பொய் சொல்லுதே."

"சிமெண்டு நம்ம பேச்சு கேக்குமா சித்தி, பர்மாக்காரன்னு எளக்காரம்." சிரிக்கப் பார்த்தான். பாதியில் உதடு கோணிக்கொண்டது.

"ஒங்க அம்மைக்கு என்னன்னு சொல்லுவே?"

எழுத்திருந்த துண்டை எடுத்து வாளிக்குள் விட்டான். அது குமிழி விட்டபடி இறங்கியது.

"லைன்ல நிக்கேன்னு சொல்லுவேன்."

விடியுமுன் அவன் மெஸ்ஸுக்குக் கிளம்பியபோது பேராச்சியின் பாய் காலியாக இருந்தது. வாளியில் துண்டு அப்படியே கிடந்தது. அது மூழ்கும் அளவுக்கு மேலே இன்னும் தண்ணீர் ஊற்றியிருந்தாள். குழாயடியில் அவள் இடத்தில் இட்லிப் பானையின் மூடி இருந்தது. எழுத்தில்லாத மூடி என்பதால், அதை யாரும் மாற்றிவிடாமல் அவளே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.