மூன்று வருஷத்துக்கு மேலே

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். வழிவிடவில்லை என்று ஒரு கார்க்காரன் பாலத்தில் பஸ்ஸை மறித்து, ஜாக்கிக் கம்பியால் அடித்ததில் அவருடைய இடது கை விரல்கள் மூன்று நொறுங்கின. பிறகு அவை மடங்கவே இல்லை. டிப்போவில் டிரிப் ஷீட் எழுத உட்காரவைத்தார்கள். வெளியே கியர் உறுமினால் ஜன்னலுக்கு ஓடுவார்.

“யாருய்யா அது, கிளட்சை மிதிக்காம கியர் போடறது?”

வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் இரண்டு வருஷம் இழுத்தது. ஒரு வாய்தாவுக்கு டாக்டர் வரவில்லை, ஒரு வாய்தாவுக்கு எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல், இன்னொன்றுக்கு மாஜிஸ்திரேட்டே லீவு. ஒருவழியாக விசாரணை முடிந்த அன்று மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

“இவர்தான் குற்றவாளிங்கறது என் முடிவு. ஆனா மூணு வருஷத்துக்கு மேல தண்டனை குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. இந்த அடிக்கு அது பத்தாது. வழக்குக் கட்டு தலைமை மாஜிஸ்திரேட்டுக்குப் போகட்டும்.”

வராந்தாவில் பெஞ்ச் கிளார்க் பெண்ணைப் பிடித்துக்கொண்டார் டிரைவர்.

“என்னம்மா இது? விசாரிக்கறவரு ஒருத்தரு, தண்டனை குடுக்கறவரு இன்னொருத்தரா? நான் பாதி ரூட்ல இறங்கிட்டு, மீதிக்கு வேற டிரைவர் வருவாருன்னா சும்மா இருப்பாங்களா?”

“அண்ணே, கோபப்படாதீங்க. மேல இருக்கறவரு ஏழு வருஷம் வரைக்கும் குடுக்கலாம்.”

“எனக்கு ஏழும் வேணாம், எழுபதும் வேணாம். முடிச்சு விடச் சொல்லும்மா!”

“ஏங்க, மெதுவா பேசுங்க,” என்று கூட வந்திருந்த மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

இரண்டாவது மாடியில், தலைமை மாஜிஸ்திரேட்டின் கோர்ட்டில், புதிய வம்பு. பாலத்தின் பாதிதான் இந்த நீதிமன்றத்தின் எல்லை, அடி விழுந்தது மறுபாதியில் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நில அளவையாளர் வரைபடத்தோடு வர நான்கு மாதம் ஆனது. வந்தவர், பஸ்ஸின் முன்சக்கரம் இந்தப் பக்கம், பின்சக்கரம் அந்தப் பக்கம் என்றார்.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார்.

“ஐயா, நான் பின்சக்கரத்துலயா உக்காந்து ஓட்டினேன்?”

தலைமை மாஜிஸ்திரேட் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை உட்காரச் சொன்னார். எல்லை ஆட்சேபம் தள்ளுபடியானது. இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு: நான்கு வருஷம்.

அதைக் கேட்டும் டிரைவர் அசையவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் மேல்முறையீடு என்றதும், “பாத்தியா, சாயங்காலமே கார்ல வீட்டுக்குப் போயிடுவான்,” என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

தீர்ப்பைக் கேட்க மாடிக்கு வந்திருந்த அந்தக் கிளார்க் பெண் பின்னாலிருந்து குனிந்தாள்.

“இல்லண்ணே. தண்டனை மூணு வருஷம் வரைக்கும்னா, மேல்முறையீடு பண்ற வரைக்கும் இந்த ஐயாவே ஜாமீன்ல விடலாம். நாலாச்சே, இவர் கையில இல்ல. மேல் கோர்ட்லதான் கேக்கணும். அதுவரைக்கும் உள்ளதான்.”

டிரைவர் அவள் பக்கம் திரும்பினார்.

“இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா, உங்கிட்ட அந்தக் கத்து கத்தியிருப்பேனாம்மா?”

“எங்க சொல்ல விட்டீங்க?” என்றாள் அவள்.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே, கார்க்காரன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் அண்ணனிடம் கொடுத்துக்கொண்டிருந்தான்.