பொத்தானுக்குள் ஐந்து ஓட்டை

“...கழுவாமல் விடும் தம்பி, ஊத்தையோடையே சுடட்டும்” என்று மச்சாள் சொன்னபோது, துவக்குக் குழல் துடைக்கும் கம்பி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. மச்சாள் என் மனைவியின் அக்கா. நாங்கள் வந்து குடியேறிய இத்தாலிய நகரத்தின் சீசாப் பகுதியில் ஊரார் வீட்டுத் தரைகளையெல்லாம் கண்ணாடியாக்கி வைத்திருப்பவர். அவர் வாயிலிருந்து இந்தச் சொல்லா!

சியாகுல்லி மந்தரீனோத் தோடம்பழத் தோட்டங்களுக்கு மேலே இருக்கும் சுடுதளத்துக்கும் அவர் முதலில் துப்புரவு வேலைக்குத்தான் போனார். ஒருநாள் பயிற்சியாளர் விளையாட்டாகத் துவக்கைக் கொடுக்க, அது கைக்குப் பிடித்துப் போயிற்று. “துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், இஞ்சை வரிசையிலை நிண்டு சுடுறம்” என்று தானே சொல்லிச் சிரிப்பார். கழகத்து அணியில் ஓர் இடம் காலியானபோது அந்தச் சிரிப்புக்குள் ஓர் ஆசை முளைத்ததை நான் கண்டேன். பயிற்சியாளர் தன் கோட்டுப் பொத்தானைக் காட்டினார்: சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நீ சுடும் ஐந்து குண்டின் ஓட்டையும் இதற்குள் மறைந்தால் இடம் உனக்கு.

மற்றவர்கள் விலை கூடிய தோட்டாக்களால் சுடுவார்கள். மச்சாளுக்குக் கட்டுப்படியானவை மலிவுப் பெட்டிகள் மூன்று: பச்சை, மஞ்சள், சிவப்பு. எது தன் துவக்குக்கு ஒத்துவரும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தச் சனிக்கிழமை நான் தொலைநோக்கிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஐந்து குண்டு சுடுமுன் என்னைக் கொண்டு குழலை மினுங்க மினுங்கத் துடைக்க வைத்தார். “மீன் காய்ச்சின மச்சச் சட்டியிலை மரக்கறி வைப்பினமே? எல்லாத்துக்கும் துப்புரவான குழல், அதுதான் ஞாயம்.”

ஞாயம் சரி, குண்டுகள்தான் கேட்கவில்லை.

“மச்சாள், இது இலக்கை விட்டு மெஸ்ஸினாப் பட்டணப் பக்கம் போயிட்டுது.”

“நீர் உம்மடை கண்ணை வடிவாத் துடைச்சுப்போட்டுப் பாரும்!”

மூன்று பெட்டியிலும் ஐந்தைந்து சுட்டு முடிந்தது. இலக்குத் தாள்களைக் காரின் முன்மூடியில் விரித்தோம். பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மச்சாள் தாள்களையே பார்த்தார். நான் குறித்து வைத்த வரிசைப்படி ஓட்டைகளை விரலால் தொட்டுக்கொண்டு போய், “தம்பி, மூண்டிலையும் முதல் ரெண்டுதான் குழப்படி” என்றார். “புதுசா வேலைக்குப் போற சிஞ்ஞோரா வீட்டிலை நானும் முதல் கிழமை கோப்பை உடைக்கிறனான்தானே. துடைச்ச குழலுக்கும் பழக்கம் வர வேணும்.” மஞ்சள் பெட்டிக்குரிய தாளில் கடைசி மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மஞ்சள் பெட்டியை எடுத்தார். பழக்க தோஷத்தில் நான் கம்பியைத் தூக்கியபோதுதான் ஊத்தையோடையே சுடட்டும் என்ற அந்த வார்த்தையைச் சொன்னார்.

குழல் மஞ்சளுக்குப் பழகட்டும் என்று முதல் இரண்டு குண்டுகளை மண்மேட்டுக்குக் கொடுத்தார். அடுத்த ஐந்தையும் தாளுக்குக் கொடுத்தார். பயிற்சியாளர் கோட்டைக் கழற்றி, பொத்தானைத் தாளில் வைத்தார். ஓர் ஓட்டையின் ஓரம் மட்டும் பிறை போல எட்டிப் பார்த்தது. பொத்தானை மயிரிழை நகர்த்தினார். மறைந்துவிட்டது.

இன்று அந்த அணிச் சட்டை எங்கள் பல்கனிக் கொடியில் காயும்போதெல்லாம் எனக்கு அந்த மத்தியானம்தான் நினைவுக்கு வருகிறது. மச்சாள் துள்ளுவார், என்னைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை நீட்டினார்.

“இப்ப தாரும் அந்தக் கம்பியை.”

துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை குழலைத் துடைத்தார். பிறகு வேறொரு துணியை நனைத்துக்கொண்டு போய், பயிற்சியாளரின் மேசையையும் துடைத்தார்.