லிந்துலை ஏற்றத்தில் ஏறிய சார்ஜ்

ஒரு பேட்டரியில் அவ்வளவு தூரம் ஓடாதென்று மின்சார மோட்டார் சைக்கிளில் இரண்டாவது பேட்டரியையும் கட்டிக்கொண்டுதான் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் புறப்பட்டேன். லிந்துலை ஏற்றத்தில் இரண்டுமே தீர்ந்துவிட்டன. மழையில் வண்டியைத் தள்ளிப்போய், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், முதல் வீட்டில் சார்ஜ் போட இடம் கேட்டேன். அந்த வீட்டு அக்கா பிளக் பொயின்ட்டைக் காட்டினார். செருகியதும் லயம் முழுக்க விளக்குகள் மங்கின. பதறிக் கழற்றப் போனேன்.

“இருங்க தம்பி” என்றவர், வாசலில் நின்று பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுத்தார். “ரைஸ்குக்கர் போட்டவங்க நிப்பாட்டுங்க. இன்னைக்கு அடுப்புல சோறாக்குவோம். இவரு மேல போகணும்.”

“வண்டிக்கும் பசிக்குதாக்கும்” என்று கடைசி வீட்டிலிருந்து ஓர் ஆண்குரல் முணுமுணுத்தது. ஆனாலும் அந்த வீட்டுக் கூரையிலிருந்தும் விறகுப் புகை எழுந்தது.

மூன்றாவது பேட்டரி வாங்கும் எண்ணத்தை அன்றே விட்டுவிட்டேன். இப்போது தூரப் பயணம் என்றால் நீளமான சார்ஜ் வயர் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.