அன்னம்மாளுக்குக் கொடுத்த புகையிலை

என் மனைவியின் அண்ணன் கடல் தொழிலாளி, என் வயதுக்காரன். ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "இந்த வீட்டில மிளகாய்த்தூள் என்ன சும்மாவா கிடைக்குது?" என்று கத்தினான். அன்றைக்குக் கறி பருப்பும் பூசணியும். நானும் அதைத்தான் தின்றுகொண்டிருந்தேன், எனக்கு உறைக்கவில்லை.

"உங்கட வாயிலதான் ஏதோ கோளாறு" என்றாள் அவன் மனைவி. ஏசுகிறாள் என்றுதான் நினைத்தோம்.

எனக்குப் பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்களை விடாமல் வாசிக்கும் பழக்கம். புற்றுநோய் வராமலிருக்க மச்சானுக்கு உபதேசமும் செய்துவந்தேன். உப்புக் கருவாட்டைக் குறை, சாராயத்தை விடு, கீரை தின்னு. எல்லாம் சரியான புத்திதான். கன்னத்தில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னேன் என்பதுதான் சின்னக் குறை.

யுத்தம் முடிந்து கடலில் கெடுபிடி குறைந்ததும் மச்சான் இரவிரவாகத் தொழிலுக்குப் போனான். தூக்கத்தை விரட்டப் பாக்கும் புகையிலையும் வைத்த வெற்றிலை. புகையிலை ஆளைக் கொல்லும் என்று கேள்விப்பட்டதும் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளில் அதை விடுவதாக நேர்த்தி வைத்தான். வாக்குத் தவறவில்லை. வாயில் புகையிலை இருந்த இடம் வெறிச்சென்று கிடந்ததால் அங்கே இன்னும் கொஞ்சம் பாக்கை வைத்தான், அவ்வளவுதான். பாக்கில் என்ன பாவம்? கலியாண வீட்டில் தட்டில் வைத்து நீட்டுகிற சாமான். அவன் மனவுறுதியை நான் ஊரெல்லாம் மெச்சித் திரிந்தேன்.

பிறகு அவன் வாய் முழுக்கத் திறக்காமல் கொட்டாவி பாதியில் நின்றது. பாண் ரொட்டியைக் கடிக்க முடியாமல் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளினான். "அண்ணா, நீங்களாவது இந்தாளைக் கூட்டிக்கொண்டு போங்க" என்று அவன் மனைவி அழவும், சிலாபத்துக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் அம்மா ஒருவர், மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்கச் சொன்னார். இரண்டுக்கே இடமில்லை.

"நான் புகையிலை போடுறதில்ல, டொக்டர். அன்னம்மாளுக்குக் குடுத்திட்டன்."

"நல்லது. பாக்கை ஆருக்குக் குடுத்தீங்க?"

பாக்கு தனியாகவே புற்றுநோயைக் கொண்டுவரும் என்றார். கன்னத்தின் உட்புறம் நார் பிடித்து இறுகிவிட்டது, எரிவும் அதனால்தான். உள்ளே வெள்ளையாயிருந்த இடத்தில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் மச்சான் கேட்டான்: "இவ்வளவு வாசிக்கிறாய். பாக்கைப் பற்றி ஒருத்தனும் எழுதேல்லையா?"

"எழுதியிருப்பான்."

"பிறகு?"

"நான் பக்கத்தைத் திருப்பியிருப்பன்."

முடிவு வரும்வரை இருவரும் வெற்றிலை தொடவில்லை. அது ஒழுக்கமல்ல, பயம். முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை, இப்போதைக்கு. அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லை டொக்டர் அம்மா அழுத்திச் சொன்னார். இறுகியது முழுக்க இளகாது, ஆபத்தும் நீங்கவில்லை. பாக்கு ஒரு சீவல்கூடக் கூடாது, தவறாமல் வந்து காட்டவேண்டும். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் வாயைத் திறவுங்க" என்றார். மச்சான் சிரித்தான், திறந்த அளவுக்கு.

இப்போது பின்னேரங்களில் அவன் கரையில் குந்தியிருந்து, ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே கடித்துக்கொண்டிருக்கிறான். தாடையை இளக்க டொக்டர் சொன்ன பயிற்சி. அவனால் பேச முடியாது, நான் தாராளமாக உபதேசிக்கலாம். ஒன்றும் வருவதில்லை. நேற்று இன்னொரு குச்சியை எடுத்து இடுக்கில் வைத்து அழுத்தினான். கண்ணில் நீர் வழிந்தது. என்னைப் பார்த்தான்.

"உள்ள போயிட்டுது, மச்சான்" என்றேன்.