ஏலத்துக்குப் போன ஐஸ் பெட்டி

நொறுக்கிய ஐஸை அள்ளும்போது விரல் நுனி மரத்துப்போய், பிறகு சுள்ளென்று எரியுமே... அந்த எரிச்சலோடுதான் அந்தக் காலை எனக்கு நினைவு வருகிறது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது.

என் வீட்டுக்காரி லூர்தம்மாளுக்குப் பித்தப்பையில் கல் என்று பையையே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து தண்ணீராய் வயிற்றுப்போக்கு. சாப்பிட்ட கை காய்வதற்குள் ஓடுவாள். கல்யாண வீடு, கோயில் எல்லாம் நின்றுபோனது. ஊருக்குச் சொன்னது கால்வலி என்று.

தூத்துக்குடியில் ஒரு டாக்டரம்மாதான் சந்தேகப்பட்டார். பை இல்லாததால் பித்தநீர் குடலில் இறங்கிக்கொண்டே இருக்கலாம், மலத்தில் பித்த அமிலம் எவ்வளவு என்று அளந்தால் தெரியும் என்றார். இரண்டு நாள் போவதை ஒன்றுவிடாமல் டப்பாவில் பிடித்து, குளிரிலேயே வைத்துக் கொண்டுவர வேண்டும்.

மாவும் குழம்பும் இருக்கும் பிரிட்ஜில் வைக்க லூர்து சம்மதிக்கவில்லை. "ஏங்க, வெளிய தெரிஞ்சா நான் தெருவுல நடக்க மாட்டேன்" என்றாள்.

கடலுக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியைக் கழுவினேன். சீலா மீனுக்குப் போடுவது போலவே அடியில் ஐஸ், நடுவில் டப்பா, மேலே ஐஸ்...

தருவைகுளத்திலிருந்து மீன் ஏற்றிப்போகும் லோடு ஆட்டோவில் பெட்டியைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தோம். அதுதான் தப்பு. டவுன் மார்க்கெட்டில் லூர்து அவசரமாக ஒதுங்கப் போனாள், நான் காவல் நின்றேன். திரும்பிப் பார்த்தால் வண்டியில் பெட்டி இல்லை. எங்கள் படகின் சிவப்புக் கோடு போட்ட பெட்டி என்றால் மூடி திறக்காமலே ஏலம் போகும், அவ்வளவு நல்ல பேர். மற்ற மீன் பெட்டிகளோடு அதையும் இறக்கிவைத்து ஏலக்காரர் கூவிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் மூடிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னவே, கோழி மாதிரி அடைகாக்கீரு? யாருக்கு இந்த மீனு?"

டாக்டரம்மாவுக்கு என்றேன்.

"டாக்டருக்குன்னா நல்ல சீலாவாத்தான் இருக்கும். காட்டும்" என்று மூடியில் கைவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மூடியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பின்னாலிருந்து லூர்துவின் குரல். நிதானமாக...

"அதுல மீனு இல்ல அண்ணாச்சி. என் வயித்தால போனது. பித்தப்பைய எடுத்ததுலருந்து நிக்கல, டெஸ்ட்டுக்குக் கொண்டுபோறோம்."

ஏலக்காரர் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். மீன் எடுக்க வந்த ஒரு அம்மா, கூடையை இறக்கிவைத்துவிட்டு லூர்து பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மைனி, எனக்கும் பையெடுத்ததுலருந்து இதே பாடுதான். எந்த டாக்டரு?"

பெட்டியை லேபில் கொடுத்தோம். அமிலம் அளவுக்கு மேலேதான் இருந்தது. தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு பவுடர் தந்தார்கள். மெல்ல மெல்ல வயிறு கட்டுக்குள் வந்தது.

இப்போது லூர்து கோயிலில் பூசை முடியும்வரை உட்காருகிறாள். அந்த மீன்கார அம்மாவும் அவளும் அப்படி ஒரு கூட்டு. நேற்று இரண்டு பேரும் மணப்பாடு கோயிலுக்குப் பஸ் ஏறினார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "நீங்க எதுக்கு? பேசாம வீட்டுல இருங்க" என்கிறாள்.

சந்தோசம்தான்... ஆனாலும், அந்தக் கஷ்ட காலத்தில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், கக்கூஸ் எங்கே என்று கண்ணால் தேடிக்கொண்டே என் கையை இறுக்கிப் பிடிப்பாள். அது மட்டும் இப்போது இல்லை.