நிறைந்திருந்த மாவு டின்

நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். படிப்பும் எட்டாவதோடு சரி. இப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடியாமல் போனதால் எழுதுகிறேன்.

சைகோனில் துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய் பகுதியில் இருந்த காரைக்கால் குடும்பம் எங்களுடையது. பிரெஞ்சுக்காரர்கள் போனபோது அப்பாவின் குமாஸ்தா வேலையும் போயிற்று. பிறகு ஊரில் அமெரிக்கர்கள் வந்து நிறைந்தார்கள். எங்களோடு இருந்த பெரியம்மாவுக்கு ஓர் அமெரிக்கப் பட்டாளத்துக்காரர் வீட்டில் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு உலை கொதித்தது.

வேலையில் ஒரு சிக்கல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டு எஜமானியம்மா, எங்கள் பேச்சில் மதாம், சமையல்கட்டு வாசலில் நின்று ஒவ்வொரு டின்னாகக் கைகாட்டி, எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார். சனிக்கிழமை காலை கடைக்குப் போக அவருக்கு அது தெரிய வேண்டும். பெரியம்மாவுக்கு வாய்நிறையப் பிரெஞ்சு வரும், ஆங்கிலம் வராது. பள்ளியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த நான், ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவருக்குப் பாடம் எடுத்தேன். குவார்ட்டர், ஹாஃப், த்ரீ குவார்ட்டர்ஸ், ஃபுல்.

"மூணு கால்னா சொல்றாங்க? இவ்ளோ பெரிய தேசத்துல முக்காலுக்குன்னு தனியா ஒரு பேரு இல்லியாடி?" என்றார் பெரியம்மா.

கடைசியில் தம்ளரைக் கவிழ்த்து, எம்ப்ட்டி என்றேன். அதை மட்டும் அவர் திருப்பிச் சொல்லவில்லை.

"அது வேணாம். அந்த வார்த்த அடுப்படிக்கு ஆகாது."

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், நிறைந்திருக்கிறது என்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்களானாலும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களானாலும் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். கால் பங்கு இருக்கும்போதே பெரியம்மா சொல்லிவிடுவதால் பல மாதம் அந்த வார்த்தைக்கு வேலையே வரவில்லை.

மதாமின் கணவர் எங்கோ சண்டையில் இருந்தார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவில் வருகிறார் என்று தகவல் வந்தது. அன்று அவருக்குப் பிறந்தநாளும்கூட. கேக் செய்ய மதாம் முட்டையும் வெண்ணெயும் சேர்த்துவைத்தார். கூடமாட உதவ என்னையும் வரச் சொன்னார்கள். கேக் கிடைக்கும் என்று நல்ல கவுன் போட்டுக்கொண்டு போனேன்.

மதாம் மாவு டின்னைத் திறந்தார். உள்ளே கைநிறைய அள்ளக்கூட மாவில்லை, அடி தெரிந்தது.

"ஃபுல்னு சொன்னாயே" என்று அவர் பெரியம்மாவைப் பார்த்துக் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, யார் எடுத்தது என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

"நான் எடுக்கலன்னு சொல்லு. வெள்ளிக்கிழமையே நெறஞ்சிருச்சு. டின்ன தட்டிக் காட்டித்தான் சொன்னேன், சத்தத்துலயே தெரியுமேன்னு."

இதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அந்தத் தம்ளர் அளவுதான். காலி என்றால் நாங்கள் நிறைந்தது என்போம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவர் வாய்விட்டுச் சிரித்தார். மதாம் சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய பெரியம்மாவின் துணிப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். ஜெபமாலை, வெற்றிலைப் பெட்டி, எனக்காக வாங்கிவைத்திருந்த ஒரு ரிப்பன். மாவு இல்லை. ஆனாலும் மதாம் வாசல் பக்கம் கைகாட்டினார்.

இன்றும் நினைத்தால் காது சுடுகிறது. பெரியம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டபோது நான் அவர் பக்கத்தில் நிற்கவே கூசி, வாசலுக்குப் போய்விட்டேன். அந்த வெள்ளைக்காரர் சிரிப்பில் எங்கள் பேச்சு, எங்கள் வீடு, பெரியம்மாவின் வெற்றிலை வாய், எல்லாமே அசிங்கமாகத் தெரிந்தது.

பாலம் வரை நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார். பாலத்தில் ராணுவ லாரிகள் போவதற்காக எங்களை ஓரமாக நிறுத்தினார்கள். அங்கேதான் வெடித்தேன்.

"எம்ப்ட்டின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? வேலயும் போச்சு, மானமும் போச்சு."

பெரியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. லாரிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பொண்ணோட புருஷன் சண்டையில கெடந்தான்டி. வெள்ளிக்கிழம, வெளக்கு வெக்கிற நேரம். அவ வீட்டுக்குள்ள நின்னு, இல்லன்னு என் வாயால சொல்லச் சொல்றியா?"

பட்டிக்காட்டுத்தனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் போய் வடக்கே எங்கோ செத்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் பிறப்பதற்கு முன் நடந்தது அது. எனக்கு அவர் சுவரில் மாட்டிய ஒரு படம், அவ்வளவுதான். அந்தச் செய்தி வந்த சாயங்காலம் பெரியம்மா எந்த அடுப்படியில் நின்றிருந்தார், என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றிய வயதில் கேட்க அவர் இல்லை.

மறுநாள் பெரியம்மா துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில் மீன் கழுவும் வேலைக்குப் போனார். நான் பள்ளிக்கூடம் போனேன்.