சைக்கிளைச் சாக்கடையில் விட்டவளின் படகு

படகுக்காரி ஆறு வருடமாக அந்தக் கடலோரப் பூங்காவுக்குச் சவாரி ஏற்றிப் போகிறாள். பூங்காவுக்குச் சாலை கிடையாது; முன்னால் கடல், பின்னால் செங்குத்துப் பாறை. படகை விட்டால் வேறு கதியில்லை. ஊர் உலகமெல்லாம் அவளை நம்பி ஏறியது. பெற்ற தாய் மட்டும் ஏறவில்லை.

"சைக்கிளையே சாக்கடையில விட்டவ. படகை எங்க கொண்டுபோய் விடுவாளோ," என்பாள் அம்மா. கேலிதான். ஆனாலும் படகுக்காரிக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும். ஊரே மெச்சி என்ன பிரயோசனம்? அம்மா நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனின் பெரிய படகில் பூங்கா பார்க்கப் போகலாமென்று துறைக்கு வந்த அம்மா, அதில் இடமில்லாமல் வேண்டாவெறுப்பாக மகள் படகில் ஏறினாள். ஏறியதும் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில்கூடக் கண்ணயராத ஆள் அவள். டிரைவர் தூங்கிவிட்டால் யாராவது ஒருத்தர் முழித்திருக்க வேண்டாமா என்பாள்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல்திட்டு. அங்கே பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓயும். ஓய்ந்த கையோடு தாண்டிவிட வேண்டும். படகுக்காரி வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தாள். அண்ணனுக்கு ஏது அந்தப் பொறுமை? நேரே விட்டான்.

"அவன் போயிட்டான் பாரு. நீ எதுக்கு முழிச்சுக்கிட்டு நிக்கிற?" என்றாள் அம்மா.

"கொஞ்சம் பொறும்மா."

அண்ணன் படகின் மூக்கு வானத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பென்று விழுந்தது. அதிலிருந்தவர்கள் அத்தனை பேரும் தெப்பமாக நனைந்தார்கள். அலை ஓய்ந்ததும் படகுக்காரி துளி தெறிக்காமல் தாண்டினாள்.

பூங்காவில் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்களைப் பார்த்தாள் அம்மா. பாறையில் சிறகை விரித்துக் காயவைத்த நீர்க்காகங்களைப் பார்த்துச் சிரித்தாள். மகள் படகோட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம்.

மாலையில் காற்று வலுத்தது. "அம்மா, இப்ப என் படகுல இடமிருக்கு, வா," என்று அண்ணன் கூப்பிட்டான். படகுக்காரி கயிற்றை அவிழ்க்கும் சாக்கில் குனிந்துகொண்டாள்.

"நனையறதுக்கா? போடா," என்று அம்மா மகள் படகில் ஏறினாள்.

மணல்திட்டருகே படகு நின்றதும் பின்னாலிருந்து ஒருவர், "என்னங்க, இன்ஜின் போச்சா?" என்று சத்தமாகக் கேட்டார். படகுக்காரி திரும்பினாள். அம்மா கம்பியை விட்டுவிட்டு, பையைத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அலை ஓயட்டும், போயிடலாம்," என்றாள் படகுக்காரி. "கொஞ்சம் மெதுவா பேசுங்க. எங்கம்மா தூங்குறாங்க."